எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிகிறது, எதிலும் ஆழமில்லை: இனி எந்தப் பக்கம் போவது?

நிரல்நாடோடி

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜாவாவில் பேக்எண்ட் எழுதினேன், பிறகு ரியாக்ட்டில் திரைகள் செய்தேன், நடுவில் ஒரு மொபைல் ஆப். கிளவுடுக்கு மாறிய சமயத்தில் சர்வர்களை அமைக்கும் டெராஃபார்ம், ஆப்பின் பிரதிகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளும் குபர்நெட்டிஸ். இப்போது பைத்தானில் டேட்டா பைப்லைன். எந்த டீமில் ஆள் குறைகிறதோ அங்கே என்னை அனுப்புவார்கள். போன சில நாட்களிலேயே வேலையைப் பிடித்துக்கொள்வேன். அடுத்த முறை ஆள் குறையும்போதும் என் பெயரே வருவதற்கு அதுதான் காரணம்.

சமீபத்தில் வேறு வேலை தேட ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. பேக்எண்ட் இன்டர்வியூவில் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத மெமரியைத் தானாக விடுவிப்பது) எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். மேலோட்டமாகச் சொன்னேன். ஃபிரண்ட்எண்ட் இன்டர்வியூவில் பிரௌசர் ஒரு பக்கத்தை எந்தப் படிகளில் வரைகிறது என்று கேட்டார்கள். பாதி சொன்னேன். கிளவுட் வேலைக்குப் போனால் நெட்வொர்க்கைத் தோண்டினார்கள். எங்கேயும் ‘தெரியாது’ என்று சொல்லவில்லை, எங்கேயும் முழுதாகப் பதில் சொல்லவும் முடியவில்லை. ‘உங்கள் பலம் என்ன?’ என்ற கேள்விக்கு ‘எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்வேன்’ என்றேன். அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இப்போது தரவுத்தளம் என்றாலே எல்லோரும் தேடிப் போகிற ஆள். என்னை எதற்குத் தேடி வருவார்கள் என்று யோசித்தால் பதில் கிடைக்கவில்லை. நுனிப்புல் மேய்ந்தே காலம் போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டுமா? எதை? இப்போது தொடங்கினால் தாமதமா?

கீழ்த்தளம்

தாமதமெல்லாம் இல்லை. ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். கருவியின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கருவி போகும்போது நீங்களும் போக வேண்டியிருக்கும். வலைத்தளத் திரைகள் செய்ய உதவும் ஆங்குலர்ஜேஎஸ் 2010இல் வந்தது. அதை உள்ளும் புறமும் படித்தவர்கள் நிறைய. 2016இல் ஆங்குலரின் அடுத்த பதிப்பை வேரிலிருந்து திருப்பி எழுதினார்கள். 2021 கடைசியோடு பழையதற்கு ஆதரவும் நின்றது. மறுபக்கம் பாருங்கள். அட்டவணைகளாகத் தரவை வைக்கும் முறையை எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970இல் எழுதினார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறியது 1983 ஜனவரி 1. இரண்டின் மேலும்தான் நம் வேலை இன்றைக்கும் ஓடுகிறது. பல தலைமுறைக் கருவிகளைத் தாண்டி நின்ற அடுக்கில் நேரத்தைப் போடுங்கள். தரவுத்தளம், நெட்வொர்க், இயங்குதளம் மூன்றில் எதுவானாலும் சரி.

ஆழம் என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன், ஏனென்றால் பலர் அதை நிறைய கமாண்டுகளை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு கேள்வி (க்வெரி) நேற்று வரை வேகம், இன்று மந்தம். கேள்வி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்தால், ஒரு வரிசைதான் வரும் என்று, எந்த வழியில் தேடுவது என்று தீர்மானிக்கும் பிளானர் எதிர்பார்த்திருக்கிறது, வந்ததோ பல்லாயிரம். ஒன்றுதானே என்று நம்பி, ஒவ்வொரு வரிசைக்கும் மற்ற அட்டவணையைத் திரும்பத் தேடும் நெஸ்டட் லூப்பை எடுத்துவிட்டது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போட்டுப் பார்ப்பதோடு முக்கால்வாசிப் பேர் நிறுத்திக்கொள்வார்கள். உள்ளே போனவர், பிளானர் ஏன் ஒன்று என்று கணக்குப் போட்டது என்று கேட்பார். நாடு, மொழி என்று இரண்டு நெடுவரிசைகளில் நிபந்தனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ணி பிளானர் நிகழ்தகவுகளைப் பெருக்கிவிடுகிறது. உண்மையில் ஒரு நாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே மொழிதான். இதைச் சரிசெய்வதற்காகவே போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பில், நெடுவரிசைகளுக்கு நடுவே உள்ள தொடர்பைப் பிளானருக்குத் தெரிவிக்கும் கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளை வந்தது. கேள்வியைத் தொடாமல், இன்டெக்ஸ் சேர்க்காமல் வேலை முடியும்.

இந்த மாதிரி ‘ஏன்’ கேட்கும் பழக்கம் ஒரு துறையில் வந்துவிட்டால் அடுத்த துறைக்குப் போகும்போதும் கூடவே வரும்.

தரவுத்தச்சன்

கீழ்த்தளம் சொன்னதில் பாதியோடு எனக்கு உடன்பாடு. அடுக்கு அடுக்காகப் பார்ப்பது ஸ்பெஷலிஸ்ட்டின் பார்வை. நாடோடிக்கு அது பொருந்துமா என்று சந்தேகம். இத்தனை இடங்களில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு, மற்றதையெல்லாம் மறந்துவிட்டு பிளானரைப் படி என்றால் அவர் கையில் இருப்பதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போடச் சொல்கிறோம்.

என் கருத்து இது: ஒரு தொழில்நுட்பத்தில் ஆழமாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு சிக்கலில் ஆழமாகப் போகலாம்.

நான் பணம் கைமாறும் மென்பொருட்களில் வேலை செய்கிறவன். அங்கே என்றைக்கும் தீராத கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் ஒரு முறை பட்டனைத் தட்டினால் ஒரு முறைதான் பணம் போக வேண்டும். இதை யார் பொறுப்பில் விடுவீர்கள்? பட்டனைத் தட்டியதும் முடக்கிவிடலாம் என்பார் ஃபிரண்ட்எண்ட் செய்பவர். கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பணமும் போய், பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? ஆப்புக்குத் தெரிவது டைம்அவுட் மட்டும்தான். அது மறுபடி அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். ஆக, ஒவ்வொரு பணம் அனுப்பலுக்கும், எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் மாறாத, ஒரு தனி அடையாளம் வேண்டும். ஐடெம்பொட்டன்சி கீ என்கிறோமே, அது. அந்த அடையாளம் பிறக்க வேண்டியது ஆப்பில். சர்வரில் பிறந்தால் மறுமுயற்சிக்கு வேறு எண் விழுந்து எல்லாம் வீணாகும். அதைத் தரவுத்தளத்தில் யூனிக் கன்ஸ்ட்ரைண்ட்டோடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வரவிடாத கட்டுப்பாட்டோடு, வைக்க வேண்டும். முதலில் தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்றால் சேர்ப்போம் என்று எழுதினால் ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளும் ‘இல்லை’ என்றே பார்க்கும். அப்புறம் க்யூவில், அதாவது காத்திருப்பு வரிசையில், போடும் செய்தி. ‘குறைந்தது ஒரு முறை’ என்று உத்தரவாதம் தரும் க்யூ, சில சமயம் இரண்டு முறையும் தரும். அந்தப் பக்கம் வாங்குபவரும் இதே எச்சரிக்கையோடு எழுத வேண்டும்.

ஆப், எச்டிடிபி, தரவுத்தளம், க்யூ என்று நான்கு இடங்களைத் தொட்டுவிட்டோம். ஒவ்வொன்றிலும் அந்தந்த நிபுணர் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும் இடைவெளியில் பணம் இரண்டு முறை போகலாம். அந்த இடைவெளியை ஒருவர் பிடித்துக்கொண்டால் அவரை எதற்குத் தேடி வருவார்கள் என்ற கேள்வியே வராது. நாடோடி போன்ற ஆள்தான் அதற்குத் தோதானவர்.

மறுபக்கம்

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன், அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

உங்கள் ரெஸ்யூமே என் மேசைக்கு வருவதற்கு முன்பே குறிச்சொற்களைப் பார்த்து வடிகட்டிவிடுகிறார்கள். அது நியாயமா என்றால் இல்லை. ஆனாலும் நடக்கிறது. ஆகவே ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். பேக்எண்ட் வேலைக்கு அனுப்புவதில் பேக்எண்ட் முன்னால் நிற்கட்டும், மொபைல் ஆப் ஒரு வரியில் போகட்டும். அதில் பொய் எதுவும் இல்லை.

வடிகட்டலைத் தாண்டி வந்த பிறகு நான் பார்ப்பது வேறு. கருவிகளின் பெயர்கள் நீளமாக அடுக்கியிருந்தால் என்னால் எதையும் முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் ஒரு வாரம் தொட்டதும் பல ஆண்டுகள் கட்டிக் காத்ததும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, ‘நீங்கள் செய்து வெளியிட்ட பிறகும் கூடவே இருந்த ஒரு சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.’ எது உடைந்தது, எதை மாற்றினீர்கள், முதலில் எடுத்த எந்த முடிவு பின்னால் சிரமம் தந்தது. இதில் ஒருவர் அரை மணி நேரம் பேசினால் அவர் ஜெனரலிஸ்ட்டா ஸ்பெஷலிஸ்ட்டா என்று எனக்குக் கவலையில்லை. கார்பேஜ் கலெக்டரைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறபடி ஒப்பிப்பவரைவிட, மெமரி ஏறிக்கொண்டே போனதை ஹீப் டம்ப் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுத்துத் தேடியவர் எனக்கு முக்கியம்.

எல்லா இடத்திலும் இப்படிக் கேட்கமாட்டார்கள். நீங்கள் போன இடங்கள் வேறு மாதிரி ஆளைத் தேடியிருக்கலாம். அது உங்கள் மதிப்பெண் அல்ல.

நிரல்நாடோடி

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுபக்கம் கேட்ட கேள்விதான் என்னைத் தைத்தது. வெளியிட்ட பிறகும் கூடவே இருந்த சிஸ்டம் எது என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. கட்டி முடித்ததும் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நான் எடுத்த முடிவுகள் நல்லவையா கெட்டவையா என்று பார்க்கும் வாய்ப்பு வேறு யாருக்கோ போயிருக்கிறது.

இன்னொரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். தெரியாத மொழியில் சீக்கிரம் வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் இதுவரை என் கைமுதல். இப்போது ஏஐ கருவியிடம் கேட்டால் யாருக்கும் அது வந்துவிடுகிறது. அப்படியானால் என்னிடம் என்ன மிச்சம்?

இரவுப்பணி

இந்தக் கவலை நியாயமானது, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தட்டிவிட மாட்டேன். தெரியாத மொழியில் முதல் நாளே ஓடுகிற கோட் எழுதுவது மலிந்துவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு இது கஷ்டகாலம்தான்.

ஆனால் நான் சர்வர்கள் விழும்போது எழுப்பப்படும் டீமில் இருக்கிறேன். அங்கே பார்த்த ஒரு வகைக் கோளாறைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸ். இணைப்புகளின் உச்சவரம்பு இயல்பாக 100. ஆப் பக்கத்தில் கனெக்‌ஷன் பூல் (திறந்து வைத்துக்கொள்ளும் இணைப்புகளின் தொகுப்பு) அளவு 10 என்று இருக்கிறது. நல்ல, அடக்கமான எண். ஏஐ கருவியிடம் காட்டினாலும் சரி என்றே சொல்லும். குபர்நெட்டிஸ் பக்கத்தில் கூட்டம் வந்தால் ஆப்பின் பிரதிகளை 20 வரை கூட்டு என்று எழுதியிருக்கிறது. அதுவும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். கூட்டம் வந்த அன்று 20 பெருக்கல் 10, தரவுத்தளத்தில் கதவு மூடிக்கொண்டது. இணைப்பு கிடைக்காத பிரதிகள் உடல்நலச் சோதனையில் தோற்றன, குபர்நெட்டிஸ் அவற்றைக் கொன்று மறுபடி கிளப்பியது, அவை எல்லாம் சேர்ந்து மறுபடி இணைப்புக் கேட்டன.

இரண்டு கோப்புகள், இரண்டு டீம்கள், இரண்டிலும் தப்பான வரி ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க இரண்டு கோப்புகளும் ஒரே தலைக்குள் இருந்திருக்க வேண்டும். கருவியிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்டால் அதுவும் கண்டுபிடிக்கும். ஆனால் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும் அல்லவா? அது உங்களுக்குத் தோன்றும், ஏனென்றால் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இது தானாக வராது. சிஸ்டம் விழும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். கோளாறு வந்தால் முறைவைத்து எழுப்பப்படும் ஆன்கால் சுழற்சியில் சேருங்கள். முடியாவிட்டால், உங்கள் நிறுவனத்தில் கோளாறுகளுக்குப் பின் எழுதும் அறிக்கைகளையாவது பழையதிலிருந்து உட்கார்ந்து படியுங்கள்.

பழையகை

ஸ்பெஷலிஸ்ட்டாக இருந்தால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

நான் ஃப்ளாஷ் ஆள். பிரௌசரில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய அடோபியின் மென்பொருள் அது. அதன் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் என்னைத் தேடித்தான் வருவார்கள். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஏன் ஃப்ளாஷ் இல்லை என்று ஒரு திறந்த கடிதம் எழுதினார். 2017 ஜூலையில் அடோபியே முடிவுத் தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஓடு கதை முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேலைகள் ஒவ்வொன்றாக வற்றிப்போனதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமாக இல்லை. நாடோடிக்கு இப்போது இருக்கும் கலக்கம் எனக்கும் இருந்தது, வேறு வாசல் வழியாக வந்தது, அவ்வளவுதான்.

பிரௌசர் பக்கம் வந்தபோது மொழி புதிது, கருவிகள் புதிது. ஆனால் நொடிக்கு 60 முறை திரை மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு முறைக்கும் 16.7 மில்லிநொடிதான் கையில் இருக்கிறது என்ற கணக்கு அங்கேயும் அதேதான். அசைவுக்கு நடுவே கார்பேஜ் கலெக்டர் குப்பை சேகரிக்க நின்றால் படம் தடுக்கும், ஆகவே பொருட்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்து என்பதும் அதே. புது டீமில் எல்லோரும் சிஎஸ்எஸ் என்னைவிட நன்றாக எழுதினார்கள். திரை ஏன் திக்குகிறது என்று சொல்ல என்னிடம் வந்தார்கள். ஃப்ளாஷ் போனாலும், அசைவு திக்காமல் ஓட என்ன வேண்டும் என்ற சிக்கல் போகவில்லை. தரவுத்தச்சன் சொன்னதை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வினவி

தொழில்நுட்பம் எல்லாரும் பேசிவிட்டீர்கள். எனக்குத் தோன்றுவது வேறொன்று. நாடோடி, உங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது உங்கள் குணமா, மேனேஜரின் வசதியா? ஓட்டையை அடைக்க ஒருவர் எப்போதும் தயார் என்றால் அவரை அனுப்புவது சுலபம். பதவி உயர்வுப் பேச்சு வரும்போது ‘இது இவர் கட்டியது’ என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. இதில் உங்கள் திறமைக்குறை எங்கே இருக்கிறது?

நேராகப் பேசுங்கள். ‘எனக்கு வளர்ச்சி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒரு ஆன்லைன் கோர்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘இந்தச் சர்வீஸை நான் ஓராண்டு வைத்துக்கொள்கிறேன், அதன் கோளாறுகளும் என் பொறுப்பு, நடுவில் என்னை மாற்றாதீர்கள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், வேறு வேலை தேடுவதற்குத் தெளிவான காரணம் கிடைக்கும்.

தேடும்போது இடத்தின் அளவையும் பாருங்கள். சின்ன டீமில் எல்லோரும் எல்லாம் செய்தாக வேண்டும், அங்கே உங்களைப் போன்றவர்களை விளக்கம் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களில் நடுப்படிகள் குறுகலானவை, ஸ்டாஃப் இன்ஜினியர் என்ற மூத்த பதவி அளவுக்கு மேலே போனால் மறுபடி பல டீம்களுக்கு நடுவே நிற்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அந்த நடுவில்.

கீழ்த்தளம்

தரவுத்தச்சன் சொன்ன யூனிக் கன்ஸ்ட்ரைண்ட் விஷயம் நான் சொன்னதற்கும் சாட்சிதான். இரண்டு டிரான்ஸாக்‌ஷன் (சேர்ந்தே முடிய வேண்டிய தரவுத்தள மாற்றங்களின் தொகுப்பு) ஒரே சமயத்தில் ஓடினால் எது எதைப் பார்க்கும் என்று தெரியாதவர் அந்த இடைவெளியைப் பிடிக்க முடியாது. ஆக, சிக்கலைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கேயாவது ஓரிடத்தில் அடி வரை இறங்கித்தான் ஆக வேண்டும். நாம் இருவரும் வேறு வேறு முனையிலிருந்து தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறங்காமல் சமாளிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தரவுத்தச்சன்

சரி, அதை மறுக்க மாட்டேன். இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதுதான் என் பக்கம். சிக்கல் அந்தக் காரணத்தைக் கொடுக்கும்.

நிரல்நாடோடி

சில வாரங்கள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இங்கே படித்ததை வைத்து, இதுவரை இருந்த டீம்களில் யாரும் சொல்லாமலே நான் எதைத் தோண்டினேன் என்று எழுதிப் பார்த்தேன். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: இரண்டு சிஸ்டங்களில் ஒரே தகவல் வேறு வேறாக இருக்கும் இடங்கள். மொபைல் ஆப்பில் வேலை செய்தபோது, இணைப்பில்லாமல் செய்த மாற்றங்கள் சர்வரோடு மோதுவது. பைப்லைனில், மூலத் தரவுக்கும் அறிக்கைக்கும் கூட்டுத்தொகை பொருந்தாமல் போவது. மற்றவர்கள் அலுத்துக்கொள்ளும் வேலை. எனக்கு அதில் அலுப்பே வந்ததில்லை.

மேனேஜரிடம் போய், ஆர்டர் சர்வீஸுக்கும் கணக்குச் சர்வீஸுக்கும் நடுவே இருக்கும் ஒத்திசைவை முழுதாக என்னிடம் விடுங்கள், ஆன்காலும் நானே என்று கேட்டேன். ஓராண்டு தர முடியாது என்றார். ஆறு மாதம் தந்திருக்கிறார், நடுவில் மாற்றமாட்டேன் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன். வேறு வேலை தேடுவதை அதுவரை நிறுத்தி வைக்கிறேன்.

இப்போது அங்கே நடப்பது இது: ஆர்டர் தரவுத்தளத்தில் கமிட் ஆனதும், அதாவது நிரந்தரமாகப் பதிந்ததும், அடுத்த வரியில், சிஸ்டங்களுக்கு நடுவே செய்திகளைக் கடத்தும் காஃப்காவுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பிராசஸ் செத்தால் ஆர்டர் இருக்கும், செய்தி இருக்காது. கணக்குப் பக்கத்துக்குத் தகவலே போகாது. எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?

தரவுத்தச்சன்

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். இதற்கு அவுட்பாக்ஸ் முறை பொருந்தும். செய்தியை நேராக காஃப்காவுக்கு அனுப்பாமல், ஆர்டரை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு தனி அட்டவணையில் எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது இரண்டும் சேர்ந்து போகும். வேறொரு பிராசஸ் அந்த அட்டவணையைப் படித்து அனுப்பட்டும். அது இரண்டு முறை அனுப்ப வாய்ப்புண்டு, ஆகவே கணக்குப் பக்கத்தில் செய்தி எண்ணைப் பார்த்துப் பழையதைத் தள்ள வேண்டும்.

அந்தப் பிராசஸை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. கடைசியாகப் படித்த எண்ணுக்கு மேலே உள்ளதை எடு என்று எழுதத் தோன்றும். எண் 41ஐ வாங்கிய டிரான்ஸாக்‌ஷன் இன்னும் கமிட் ஆகாமல் இருக்கையில் 42 கமிட் ஆகிவிடலாம். 42 வரை படித்தாயிற்று என்று குறித்துக்கொண்டால் 41 என்றைக்கும் போகாது. எண்ணை நம்பாமல், அனுப்பியாயிற்றா என்று வரிசைக்கு வரிசை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டெர்மினலில் இரண்டு டிரான்ஸாக்‌ஷன் திறந்து வைத்து இதைக் கையால் செய்து பாருங்கள், ஒரு மாலையில் புரிந்துவிடும்.

அப்புறம், இதில் எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு பக்கத்திலும் இருக்கும் ஆர்டர்களை ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தினமும் எண்ணும் ஒரு கேள்வி எழுதி ஓடவிடுங்கள். ஒத்திசைவுக்கு இயல்பாகச் சில நிமிடம் பிடிக்கும், அதனால் கடைசி ஒரு மணி நேரத்தை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடுங்கள்.

நிரல்நாடோடி

அந்தக் கேள்வியை இன்று காலை எழுதி ஓடவிட்டேன். காணாமல் போனவை நினைத்ததைவிட அதிகம். அதோடு, கணக்குப் பக்கத்தில் இருக்கிற, ஆனால் ஆர்டர் பக்கத்தில் இல்லாதவையும் சில வருகின்றன. அவுட்பாக்ஸ் அதை விளக்காது. கமிட் தோற்ற பிறகும் செய்தி போகும் பாதை ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும். முதலில் அதைத் தேடுகிறேன், கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.